தலையில்லாக் கிதார்

தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிதாரின் கழுத்து நுனியில், முறுக்காணிகளைத் தாங்கிய தலை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தந்தியை மீட்டினால் கழுத்தும் சற்றே அதிரும். கழுத்தின் இயல்பு அதிர்வெண்ணும் ஒரு சுரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றானால், தந்தியின் ஆற்றலைக் கழுத்து வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுரம் மட்டும் சட்டென்று அடங்கிவிடும். இது ஒத்ததிர்வின் விளைவு. தலையின் எடை கழுத்தின் அதிர்வெண்ணைத் தாழ்த்துகிறது. பேஸின் சுரங்களோ 41 ஹெர்ட்ஸிலேயே தொடங்குகின்றன. இரண்டும் சந்திப்பதில் வியப்பென்ன?

அமெரிக்கரான நெட் ஸ்டைன்பெர்கர் (மேசை நாற்காலி வடிவமைத்தவர்!) 1980-ஆம் ஆண்டளவில் 'எல்2' கிதாரில் தலையையே நீக்கி, முறுக்காணிகளை உடலின் அடியில் பொருத்தினார். மரத்திற்குப் பதிலாகக் கார்பன் இழையும் எபாக்சிப் பிசினும் பயன்பட்டன. விறைப்பு மிகுந்து எடை குறைந்ததால் கழுத்தின் அதிர்வெண் உயர்ந்தது.

பழைய எல்2 வாங்குவோர் பளபளப்பில் மயங்கலாகாது. ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிக் கேட்க வேண்டும். இரு முனையிலும் உலோகக் குண்டுள்ள தந்தி கிடைக்குமா என விசாரிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கழுத்து நேராக உள்ளதா என்று பார்க்க வேண்டும். மரக் கழுத்து வளைந்தால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம். எல்2-இன் கழுத்தில் அக்கம்பி கிடையாது.