கூஸ் வேட்டைக்கு எந்த ரவை, எந்த சோக்?

கேள்வி: இந்த இலையுதிர் காலத்தில் ஒன்டாரியோவில் முதன்முறையாகக் கனடா கூஸ் வேட்டைக்குப் போகிறேன். என்னிடம் 12 கேஜ் ஷாட்கன் இருக்கிறது. எந்த ரவை, எந்த சோக் ஏற்றது?

பதில்: முதலில் ஈய ரவையை ஒதுக்கிவிடுங்கள். சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டுகளை, இரை அரைக்க உதவும் சிறுகற்கள் என நீர்ப்பறவைகள் விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால்தான் அமெரிக்கா 1991-லும் கனடா 1999-லும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுவதும் தடைசெய்தன.

ஈயத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் எஃகு ரவை அதைவிட எடை குறைவு. காற்றில் சீக்கிரமே வேகம் இழக்கும். அதை ஈடுகட்டப் பெரிய ரவை வேண்டும். 3 அங்குலத் தோட்டாவில் 'பிபி' ரவை, அதாவது 0.18 அங்குல விட்டமுள்ளது, நல்ல தேர்வு. பிஸ்மத், டங்ஸ்டன் ரவைகள் எஃகைவிட அடர்த்தியானவை, விலையும் அதிகம்.

எஃகு குழலுக்குள் நசுங்காது. ஆகவே ரவைகள் அதிகம் சிதறாமல் செல்லும். மாடிஃபைடு சோக்கே போதும். பொம்மைப் பறவைகளை வைத்து 25 கஜத்துக்குள் சுடுவதானால் இம்ப்ரூவ்டு சிலிண்டர் போடுங்கள். இறுக்கமான ஃபுல் சோக்கில் பெரிய எஃகு ரவை குழலைச் சேதப்படுத்தலாம். பழைய துப்பாக்கியானால், எஃகைத் தாங்குமா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள்.

வேட்டைக்கு முன், 40 கஜத்தில் பெரிய தாளைக் கட்டிச் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் ரவைகள் சீராகப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் சுடவே சுடாதீர்கள். காயத்தோடு தப்பிப் பறக்கும் பறவையின் வேதனைக்கு வேட்டைக்காரரே பொறுப்பு.