நேர்கோடும் கொள்ளிவாய்ப் பேயும்

ஐம்பூதத் தலங்கள் ஐந்தும் 79-ஆம் தீர்க்கரேகையில் ஒரே நேர்கோட்டில் அமைந்துள்ளன. அவ்வழியே பூமியின் ஆற்றல் பாய்கின்றது என்று சொல்வோர் நம்மிடையே பலர். பிறந்த மண்ணை விட்டுப் பெங்களூர் வந்து பயிலும் எனக்கும் அதைக் கேட்டால் நெஞ்சு நிமிரத்தான் செய்கின்றது. ஆயினும் அறிவியல் மாணவருக்கு முதற்கடமை அளந்து பார்ப்பதே.

அளந்து பார்ப்போம். காளத்தி, காஞ்சி, தில்லை ஆகிய மூன்றும் ஏறத்தாழ 79.7 பாகையில் நிற்கின்றன. இது உண்மை, வியப்பும்கூட. திருவண்ணாமலையோ 79.07; திருவானைக்கா 78.7. நம் பகுதியில் ஒரு பாகை ஏறக்குறைய 109 கிலோமீட்டர். ஆகவே அண்ணாமலை அக்கோட்டிற்கு மேற்கே சுமார் 68 கிலோமீட்டரும், ஆனைக்கா சுமார் 108 கிலோமீட்டரும் விலகி நிற்கின்றன. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். தில்லையில் உச்சிப்பொழுது ஆகி ஏறத்தாழ 4 நிமிடம் சென்ற பின்னரே ஆனைக்காவில் கதிரவன் உச்சிக்கு வருவான். 78.7-ஐக் கூட்டியும் 79.7-ஐக் குறைத்தும் 79 ஆக்கினால் எதுவும் நேர்கோடாகும்!

இனி ஆற்றல். 1921-இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் வாட்கின்ஸ் என்பார் பழஞ்சின்னங்கள் நேர்கோடுகளில் அமைந்துள்ளன என்றார். அவர் கருதியது பண்டைய வழித்தடங்களையே. ஆற்றல் என்ற கதை 1960-களில் பிறர் சேர்த்தது. ஆற்றலுக்கு அலகு உண்டு, அது ஜூல். அக்கோட்டில் எத்தனை ஜூல் என்று கேட்டால் விடை இல்லை.

கொள்ளிவாய்ப் பேயும் இத்தகையதே. சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றி மறையும் ஒளியைக் கண்டு நம் முன்னோர் அஞ்சினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதற்குத் தாம் அறிந்த பெயரை இட்டனர். அழுகிய தாவரங்களிலிருந்து எழும் மீத்தேன் வளியை 1776-இல் இத்தாலியின் மாசோரே ஏரிக்கரையில் வோல்ட்டா திரட்டி ஆராய்ந்தார். மீத்தேன் தானே பற்றிக்கொள்ளாது. அதனைப் பற்றவைப்பது எது என்ற ஆய்வு இன்னும் நடைபெறுகின்றது. விடை தெரியாத இடத்தில் அறிவியல் பேயை அழைப்பதில்லை, மீண்டும் அளக்கின்றது.

நாம் வாழும் இந்நகரிலேதான் 1800-இல் லாம்ப்டன் அடிக்கோடு ஒன்றை அளந்தார். அது கண்ணுக்கும் கருவிக்கும் புலப்பட்ட கோடு. மறுத்தோரும் மீண்டும் அளந்து பார்க்கலாம்.

நண்பர்களே! தில்லையின் சிற்பமும் காஞ்சியின் கட்டடமும் நம் பெருமைக்குப் போதும். வேற்று மொழியார் நடுவே வாழும் நாம், நிலப்படம் கொண்டு ஒருவர் தகர்த்துவிடக்கூடிய பெருமையைத் தமிழின் பெயரால் பேசலாமா? அளந்து தேறியதைப் பேசுவோம். அதுவே தமிழுக்கு நாம் செய்யும் சிறப்பு.