எல்லைப்புற மாணவர்களும் சட்டச் சொற்களும்

சத்தியவேட்டுப் பகுதியின் பழைய குடும்பங்களில் பத்திரப் பெட்டியைத் திறந்தால், பாட்டனார் காலத்து ஆவணம் தமிழிலும் பேரன் காலத்து ஆவணம் தெலுங்கிலும் இருப்பது இயல்பே. ஆந்திரப் பிரதேச, சென்னை எல்லை மாற்றச் சட்டம் 1959இல் நிறைவேறியது. அதன்படி 1960 ஏப்ரல் முதல் நாளன்று, திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. 1966ஆம் ஆண்டின் சட்டம் தெலுங்கை ஆந்திர மாநிலத்தின் ஆட்சிமொழி ஆக்கியது. 1985இல் மண்டலங்கள் ஏற்பட்டன. 2022இல் சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. அலுவலகங்களின் பெயர்கள் பலமுறை மாறின. வீட்டில் பேசும் தமிழ் மாறவில்லை.

இத்தகைய பகுதியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அடிப்படைச் சட்டச் சொற்களைக் கற்பிப்பது குடிமைப் பயிற்சியில் ஒதுக்கத்தகாத பகுதியாகும். வீட்டிற்கு வரும் அறிவிப்பைப் படித்துப் பொருள் கூறுபவர் பல குடும்பங்களில் பள்ளி மாணவரே. அவர் ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டால் குடும்பமே தவறாகக் கொள்ளும்.

தொடக்கம் எளிதானது. வாதி, பிரதிவாதி, சாட்சி, தீர்ப்பு, ரசீது, வாய்தா போன்ற சொற்கள் சிறிய ஒலி வேறுபாட்டுடன் இரு மொழிகளிலும் வழங்குகின்றன. ஜப்தி தெலுங்கில் ஜப்து, அவ்வளவே. செல்லாது என்று தமிழில் கூறுவதைத் தெலுங்கர் செல்லது என்பர். பாரசீக, அரபுச் சொற்களும் வடசொற்களும் பழைய ஆட்சி வழக்கின் வாயிலாக இரு மொழிகளிலும் புகுந்ததன் பயன் இது. மாணவர் ஏற்கெனவே அறிந்த இச்சொற்களிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் அச்சம் நீங்கும்.

இடர் விளைப்பவை, ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் நிற்கும் சொற்களே. தமிழில் நேரம் என்பது காலம். தெலுங்கில் நேரம் என்பது குற்றம். தமிழில் அபராதம் என்றால் கட்ட வேண்டிய தண்டத்தொகை. தெலுங்கில் அதுவே குற்றத்தைக் குறிக்கும், தண்டத்தொகைக்கு ஜரிமானா என்ற சொல் உண்டு. விண்ணப்பத்தில் தெலுங்கர் அவசரம் என்று எழுதினால் தேவை என்பது பொருள், விரைவு என்பதன்று. தெலுங்கில் தண்டனையைக் குறிக்கும் சிக்ஷ என்னும் சொல் இந்தியில் கல்வியைக் குறிக்கிறது. மும்மொழி கற்கும் மாணவர் இதனைக் கேட்டுச் சிரிப்பர்; சிரித்த பின் மறக்கமாட்டார்.

இவ்வரிசையில் மிகுந்த கவனத்திற்குரியது கைது. தமிழில் கைது செய்தல் என்பது ஒருவரைக் காவலில் எடுப்பது மட்டுமே. அரபு மூலத்தின் சிறை என்ற பொருளைத் தெலுங்கு காத்து வந்துள்ளது. அங்குக் கைது என்பது சிறைவாசம், காவலில் எடுப்பது அரெஸ்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் குடும்பம், பிடிக்கப்பட்ட மகனுக்குத் தண்டனையே கிடைத்துவிட்டதாக எண்ணி ஓய்ந்துவிடக் கூடும். உண்மையில் செய்ய வேண்டியவை அப்போதுதான் தொடங்குகின்றன. கைதின் காரணம் கூறப்பட வேண்டும். விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் கொண்டுசெல்ல வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு பொதுவாக அளிக்கும் உரிமைகள் இவை. எனவே ஆசிரியர் கரும்பலகையில் ஐயம், கைது, குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை என்று படிகளை வரைந்து, ஒவ்வொரு படியிலும் அம்மனிதருக்கு என்ன பெயர் என்று மாணவரைக் கேட்கலாம். தீர்ப்புக்கு முன் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி அல்லர். தெலுங்கில் அவரை முத்தாயி என்பர். வழக்குத் தொடுப்பவரைக் குறித்த அரபுச் சொல் இப்படி எதிர்ப்பக்கம் போய் நின்றது மொழியின் விளையாட்டு.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குச் சொற்களே வேறு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் குற்றம் சாட்டப்பட்ட சிறுவரைச் சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை என்றே குறிப்பிடுகிறது. குற்ற முத்திரை குத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது அச்சட்டம் வகுத்துள்ள கோட்பாடுகளுள் ஒன்று. அத்தகைய குழந்தையைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கலாகாது. தம் வயதினரைப் பற்றிய சட்டம் என்பதால் மாணவர் இப்பகுதியை ஆர்வத்துடன் கேட்பர்.

நிலச் சொற்களுக்கு உண்மையான ஆவணத்தின் படியே சிறந்த பாடநூல். பெயர், சர்வே எண் ஆகியவற்றை மறைத்துவிடுவது முறை. பட்டா, அடங்கல் இரண்டும் எல்லையின் இருபுறமும் வழங்குபவை. ஆனால் அடமானம் வைத்த நிலத்தைத் தெலுங்கு ஆவணம் தனகா என்று குறிப்பிடும். இச்சொல்லை அறியாதவர் கடன் சுமையுள்ள நிலத்தை வாங்கிவிட வாய்ப்புண்டு. இரு மொழியினரும் தடுமாறுவது கிரய ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும்தான். முன்னது விற்பதாகச் செய்யும் உடன்பாடு. அதனால் மட்டும் நிலம் கைமாறாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனைக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். முன்பணம் கொடுத்து முத்திரைத்தாளில் கையொப்பம் பெற்றதும் நிலம் தமதாகிவிட்டது என நம்புவோர் இன்றும் உளர். சத்தியவேட்டுக்கு அருகே ஸ்ரீசிட்டி தொழில் வளாகம் 2008இல் தொடங்கப்பட்டதற்குப் பின், இப்பகுதியில் நிலத்தாள்களைப் படித்தறிய வேண்டிய தேவை மேலும் பெருகியுள்ளது.

ஜாமீன் என்ற சொல்லையும் விளக்க வேண்டும். தமிழில் காவலிலிருந்து விடுபடுவதையும் பிறருக்காகப் பிணை நிற்பதையும் அதுவே குறிக்கிறது. பிணை நிற்பவர், விடுவிக்கப்பட்டவர் நீதிமன்றத்திற்கு வராவிடில் குறித்த தொகையைச் செலுத்த நேரிடும். கையொப்பமிடும் முன் இதனை அறிவது நலம்.

தெலுங்குப் பலகைகளில் உசித நியாய சகாயம் என்று காணப்படும். தகுந்த உதவி என்று தமிழ் மாணவர் பொருள் கொள்வர். தெலுங்கில் உசிதம் என்பது இலவசம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ்ப் பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் முதலியோர் வருமானம் எதுவாயினும் இவ்வுதவியைப் பெறலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் விதிகள் இடமளிக்கின்றன.