கள்ளியும் அதன் சுற்றமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையை நோக்கிச் செல்வோர் மரவள்ளித் தோட்டங்களையும் வேலியோரக் கள்ளிகளையும் காண்பர். ஒன்று கிழங்கு தந்து பசி தீர்ப்பது. மற்றொன்று கால்நடைகள் வாய்வைக்க அஞ்சுவது. சங்கப் புலவர் கள்ளியைச் சுடுகாட்டோடு சேர்த்தே பாடினர். எனினும், இவ்விரண்டும் ஒரே குடும்பத்தன என்பர் தாவர நூலார்.

முள்ளும் சதைப்பற்றும் உடைய செடிகளையெல்லாம் கள்ளி என்றழைப்பது உலக வழக்கு. சப்பாத்துக்கள்ளி அமெரிக்காவினின்று வந்தது. அதனைக் கீறினால் வெண்பால் வடியாது. முட்கள் சிறு திட்டுகளிற் கொத்தாக நிற்கும். சதுரக்கள்ளியைக் கீறினாலோ பால் பெருகும். அதன் முட்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். பெயர் ஒன்றாயினும் குலம் வேறு. வறண்ட நிலத்தில் வாழும்பொருட்டு இரண்டும் தண்டில் நீரைத் தேக்கின; அதனால் உருவும் ஒத்தன.

இவற்றைப் பிரித்தறியத் தண்டை ஒடித்துப் பார்த்தல் கூடாது. முள்ளின் அமைப்பே போதும். கள்ளிப்பால் கண்ணிற் பட்டால் கடுஞ்சூடு போல் எரியும். பார்வைக்கே கேடு வரும். பட்டுவிடின் கண்ணைக் கசக்காது, தூய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரை அடைதல் வேண்டும்.

மெய்யான கள்ளி இனத்துக்கு யூபோர்பியா என்று பெயர். அதில் ஏறத்தாழ 2,000 வகைகள் உள. சதைப்பற்றுடையவற்றிற் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் வளர்வன. கோல் கோலாகக் கிளைத்து நிற்கும் திருகுகள்ளியும் அங்கிருந்து வந்ததே. ஒல்லாந்தராகிய வான் ரீடே தொகுப்பித்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அந்நூல் குறித்த மலபார்ப் பெயரை ஏற்று, லின்னேயசு 1753இல் இச்செடிக்கு 'யூபோர்பியா திருக்கள்ளி' எனப் பெயரிட்டார். ஆப்பிரிக்கச் செடியொன்று நம் பக்கத்துச் சொல்லால் உலகெங்கும் அறியப்படுவது வியப்பன்றோ?

கள்ளியின் பூவென்று நாம் காண்பது ஒரு பூவன்று. அது சிறு கிண்ணம் போன்ற அமைப்பு. அதன் நடுவே ஒரே பெண்பூ. சுற்றிலும் ஆண்பூக்கள் பல. ஒவ்வோர் ஆண்பூவும் ஒற்றை மகரந்தத் தாளே, இதழ் கிடையாது. வாசலோரத்தில் முளைக்கும் அம்மான் பச்சரிசியிலும் இக்கிண்ணமே உண்டு. முள்ளும் சதைப்பற்றும் இன்றிச் சாணளவே வளரும் அச்செடியும் யூபோர்பியாவே!

மரவள்ளிக்கு இக்கிண்ணம் இல்லை. ஆதலின் அது வேறு இனம். ஆயினும் அதன் காயைக் கள்ளிக் காயோடும், வரப்பில் நிற்கும் ஆமணக்குக் காயோடும் வைத்து நோக்கின் உறவு விளங்கும். மூன்றிலும் மூன்று அறைகள். அறைக்கு ஒரு விதை. முற்றியபின் அக்காய்கள் வெயிலில் வெடித்து விதைகளைத் தெறிக்கும்.