தொழிற்பாடம்: ரவுட்டரின் அடித்தட்டை மையப்படுத்தல்

சென்ற இதழில் உளி தீட்டுவது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை மின்சார ரவுட்டர் பற்றிய ஒரு சிறு விடயம். சிறிதென்றாலும் இதைக் கவனியாமல் விட்டதனால் நாம் ஓர் இளைஞரின் மனதை நோகச் செய்துவிட்டோம். ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குவதுதான் முறை.

அவருடைய குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பம். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு எல்லோரையும் போல அவர்களும் செம்மணி வெளியைக் கடந்தார்கள். 2009இன் பின்னர் அயலவர் பலருடைய காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோதும் இவர்களுடையது கிடைக்கவில்லை. எனவே நான்கு குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு ரவுட்டர் வாங்கினார்கள். கதவும் நிலையும் கூரை மரமும் பறிபோன வீடுகளுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! வேலைக்குக் குறைவில்லை. “தோட்டம் செய்தவன் தச்சு வேலைக்குப் போவதா” என்று முகம் சுளித்த உறவினரும் இருந்தார்கள். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஊரவர்கள் இயேசுவைத் தச்சர் என்றே குறிப்பிடுகிறார்கள் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தினோம். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு நாம் இடம் கொடுக்கவில்லை.

முதல் வேலை முதிரை மரத்தில் ஆறு கதவுகள். பிணைச்சல் பள்ளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்று இறுக்கம், மற்றொன்று தளர்வு. வீட்டுக்காரர் கூலியில் குறைத்துக்கொண்டார். “கை நடுங்குது தம்பி, கவனமாய்ப் பிடியும்” என்று நாமும் எமது பங்குக்குச் சொன்னோம். இரண்டு வாரம் அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. பிறகு அயலிலிருந்த வயதான ஓடாவியார் ஒருவர் மெசினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஃபாதர், பெடியன்ர கை சரியாத்தான் இருக்கு. தட்டுத்தான் நடுவிலை இல்லை” என்றார்.

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள வண்டிச் சில்லை நினையுங்கள். குடம் சில்லின் நடுவில் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தெருவிலும் வண்டி ஏறி ஏறி இறங்கும். ரவுட்டரில் பிற் சுழலும் இடமே குடம். கீழேயுள்ள வட்டமான அடித்தட்டே சில்லு. தட்டின் விளிம்பை ஒரு நேர்ச்சட்டத்தோடு சாய்த்துத் தள்ளும்போது, விளிம்புக்கும் பிற்றுக்கும் உள்ள தூரம் எந்தப் பக்கத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். கையில் மெசின் சற்றே திரும்புவது இயல்பு. தட்டு நடுவில் இல்லாதிருந்தால் அந்தத் திருப்பம் முழுவதும் மரத்தில் பிழையாக விழும். தட்டைப் பிடிக்கும் திருகாணித் துளைகள் சற்றுப் பெரிதாக இருப்பதாலும், மெசின் விழுந்து அடிபடுவதாலும் இது நேர்கிறது. புதிய மெசினிலும் இருக்கலாம்.

முதலில் சோதித்துப் பாருங்கள். கழிவுப் பலகை ஒன்றில் நேர்ச்சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் வெண்கட்டியால் அடையாளம் இடுங்கள். 6 மி.மீ. நேர் பிற்றைப் பூட்டி, அடையாளம் சட்டத்தில் முட்டியபடி ஒரு தவாளிப்பு வெட்டுங்கள். சட்டத்தை அசைக்காமல் மெசினை அரைவட்டம் திருப்பி, எதிர்ப்பக்கம் சட்டத்தில் முட்ட, அதே இடத்தில் மறுபடி வெட்டுங்கள். தவாளிப்பு 6 மி.மீ. ஆகவே இருந்தால் அந்தத் திசையில் பிழையில்லை. 7 மி.மீ. ஆகிவிட்டதா? தட்டு விலகியிருப்பது ஒரு மில்லிமீற்றர் அல்ல, அரை மில்லிமீற்றர். திருப்பும்போது பிழை இருமடங்காகத் தெரிகிறது. சோதனையின் நன்மையே அதுதான். இரண்டாம் வெட்டு சட்டத்திலிருந்து அப்பால் போயிருந்தால், அடையாளமிட்ட விளிம்பு பிற்றுக்குக் கிட்ட இருக்கிறது. அப்போது தட்டை அடையாளப் பக்கமாக அரை மில்லிமீற்றர் வெளியே தள்ளவேண்டும். சட்டத்தை நோக்கி வந்திருந்தால் எதிர்ப்பக்கமாக. பின்னர் கால்வட்டம் தள்ளி இன்னோர் அடையாளம் இட்டு இதையே செய்யுங்கள். ஒரு திசையில் சரியான தட்டு குறுக்குத் திசையில் பிழையாக இருக்கலாம்.

பிணைச்சல் பள்ளத்துக்கு அச்சுப்பலகையும், கடையில் ‘கைட் புஷ்’ என்று கேட்டு வாங்கும் வழிகாட்டி வளையமும் பயன்படும். இங்கே கணக்கு முக்கியம். வளையத்தின் வெளி விட்டம் 16 மி.மீ., பிற் 10 மி.மீ. என்றால், வித்தியாசத்தின் பாதி 3 மி.மீ. எனவே 75 மி.மீ. பிணைச்சலுக்கு அச்சுப்பலகையின் வாய் 75 உடன் இருபுறமும் மூன்று மூன்று சேர்த்து 81 மி.மீ. ஆக இருக்கவேண்டும். இந்தக் கணக்கு, பிற் வளையத்தின் சரி நடுவில் இருந்தால் மட்டுமே பொருந்தும். அரை மில்லிமீற்றர் விலகியிருந்து, வேலையின்போது மெசினும் திரும்பினால், பள்ளம் 76 மி.மீ. வரை போகும். எமது ஆறு கதவுகளுக்கும் நடந்தது இதுதான்.

திருத்துவதற்குக் கூம்பு வடிவான மையக்கோல் ஒன்று தேவை. முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிற்றை எடுத்துவிட்டு மையக்கோலைக் கொலற்றில் பூட்டுங்கள். தட்டின் திருகாணிகளை, தட்டு வழுக்கி அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள். மெசினை மெதுவாக இறக்கினால் கூம்பு வளையத்தின் துளைக்குள் நுழைந்து தட்டைத் தானே நடுவுக்குத் தள்ளும். அந்த நிலையில் பூட்டி, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் தட்டு மறுபடியும் இழுபடும். திருகாணியின் தலை கூம்பாக இருந்தால் வேறொரு தொல்லை உண்டு. அது தட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். அப்படியானால் தட்டைத்தலைத் திருகாணியும் வாசரும் போடவேண்டும். தலை மரத்தில் உரசாதபடி தட்டில் பள்ளம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மையக்கோல் வாங்க வசதியில்லாவிட்டால் செய்துகொள்ளலாம். உடைந்துபோன பிற்றின் காம்பு நேரானது, அதை எறியாதீர்கள். அதன் நுனியில் வைரமான மரத்துண்டு ஒன்றைத் துளைத்து ஒட்டுங்கள். காய்ந்தபின் காம்பைக் கைடிறிலில் பூட்டி, டிறிலை மேசையில் அசையாமல் கட்டி, மெதுவாகச் சுழலவிட்டு அரத்தால் கூம்பாகச் சீவி, மண்கடதாசி போடுங்கள். பின்பு ரவுட்டரில் பூட்டிக் கையால் மட்டும் சுழற்றி, நுனி ஆடுகிறதா என்று பென்சில் முனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடினால் மறுபடியும் சீவவேண்டும். இதைப் பூட்டியபடி ரவுட்டருக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் மெசினில் அந்த மரத்துண்டு துப்பாக்கிச் சன்னம்போலப் பறக்கும்.

இன்னுமொரு எச்சரிக்கை. கால் அங்குலக் காம்பு 6.35 மி.மீ. அதற்கான கொலற்றில் 6 மி.மீ. காம்பைப் போட்டு இறுக்கினால் பிடித்ததுபோலத் தோன்றும், ஆனால் பிடிக்காது. வாங்கும்போது வேணியர் இடுக்கிமானியால் அளந்து வாங்குங்கள்.

தட்டே வெடித்துவிட்டால் 6 மி.மீ. பேர்ஸ்பெக்ஸில் புதிதாகச் செய்யலாம். பழைய தட்டை வைத்துத் திருகாணித் துளைகளைக் குறித்துத் துளைத்து, புதியதை மெசினில் பூட்டி, 6 மி.மீ. பிற்றை மெல்ல இறக்குங்கள். மெசின் தானே இட்ட துளையைவிடச் சரியான நடு வேறில்லை. பிறகு தட்டைக் கழற்றி, 6 மி.மீ. துளைக்கோலின் காம்பு ஒன்றைப் பலகையில் நிமிர்த்தி நட்டு, தட்டை அதில் கோருங்கள். மண்கடதாசி ஒட்டிய கட்டையொன்றைப் பக்கத்தில் அசையாமல் பூட்டி, தட்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் விளிம்பும் அதே நடுவுக்கு வட்டமாகும். இந்தத் தட்டுக்குக் கூம்புத்தலைத் திருகாணியே நல்லது. கழற்றிப் பூட்டும்போதெல்லாம் அதே இடத்துக்குக் கொண்டுவரும்.

இவை எதற்கும் நேரமில்லாத அவசர வேலையென்றால், தட்டில் ஓர் அடையாளம் இட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை அந்தப் பக்கமே சட்டத்தில் முட்டும்படி பிடியுங்கள். அப்போது வெட்டு சற்று இடம் மாறலாம், அகலம் மாறாது. தட்டின் ஒரு பக்கம் நேராக வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே பாவியுங்கள். அங்கே மெசின் திரும்ப இடமில்லை.

ஆறு கதவுகளின் தளர்ந்த பள்ளங்களுக்கும் முதிரைச் சிராய் ஒட்டி, காய்ந்தபின் உளியால் சீவிச் சரிசெய்தோம். குறைத்த கூலியில் ஒரு பகுதியை வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தார். இளைஞரின் வீட்டுக்கு நாமே போய் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய தாயார் தேத்தண்ணி தந்தார், அவர் பேசவில்லை. மறுநாள் வந்து, சோதனைத் தவாளிப்பு வெட்டிய பலகையில் பென்சிலால் திகதியை எழுதிச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் அதே பலகையில் ஒரு தவாளிப்பு புதிதாக விழுகிறது.

அடுத்த இதழில் அச்சுப்பலகை செய்யும் முறையைப் பார்ப்போம்.