பதிப்பு எண்ணோடு விளையாட வேண்டாம்

குமுளி ஏலக்காய் வியாபாரிகளும், வாளையாறு வழியாகச் சரக்கு அனுப்பும் பாலக்காட்டுக் கடைக்காரர்களும் கவனிக்க.

டேலி இஆர்பி 9 கணக்கை டேலிபிரைமுக்கு மாற்றினால், மாறிய கணக்கு பழையதில் திறக்காது. முதலில் பேக்கப் எடுத்துப் பென்டிரைவில் தனியே வையுங்கள். மாற்றியதும் சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, ஜிஎஸ்டி மூன்றையும் பழைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

‘கோப்பு வகை பொருந்தவில்லை’ என்று எக்செல் சொன்னால், அந்த எச்சரிக்கையையே அணைத்துத் தரும் கைதேர்ந்தவர்கள் உண்டு. அவர்களிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள். கோப்பு வகை வெறும் பெயரல்ல: பழைய எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிசைதான் கொள்ளும். 2020-ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா பதிவுகள் அந்த வரம்பில் முட்டித்தான் விடுபட்டன.

இ-வே பில் ஜேசான் கோப்பின் பதிப்பு எண்ணை நோட்பேடில் திருத்தி ஏற்றுவதும் வம்புதான்: எண் புதிது, உள்ளே இருப்பது பழைய அமைப்பு. தளத்திலிருந்து புதிய படிவத்தை இறக்கி மறுபடி தயாரியுங்கள்.