லைசன் முடிந்த காரை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்

லைசன் முடிந்து, இன்சூரன்ஸும் காலாவதியாகி, கொட்டிலில் நிற்கிற காரை மறுபடி ஓட வைக்க நினைப்பவருக்கு முதலில் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. லைசன் என்று நாம் சொல்கிற வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்குக் காரைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீதியில் ஓட்டிக்கொண்டு போவதற்கோ அந்த அனுமதிப்பத்திரமே வேண்டும்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நம்முடைய ஊர்களில் இப்படி நிற்கிற வாகனங்கள் ஏராளம். 2022ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதும், ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் காரை ஒதுக்கிவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறிய குடும்பங்கள் பல. வாப்பாவின் பழைய டொயோட்டா கொரொல்லாவும் அப்போதுதான் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குள் போனது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிவிட, நிற்கிறதை எடுத்து ஓட்டுவதே புத்தி என்று ஆனது. எங்கள் காரைச் சரிசெய்து லைசன் எடுத்த பிறகு, சொந்தக்காரர், அயலவர் வாகனங்களுக்கும் இதே வேலையில் கூட நின்றிருக்கிறேன். அதில் படித்ததை வரிசைப்படி எழுதுகிறேன். இந்த வேலையில் வரிசைதான் முக்கியம்.

முதலில் காப்புறுதி

காப்புறுதியைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் அதிகம். "கார் பாஸாகட்டும், பிறகு போடுவம்" என்பார்கள். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் லைசன் தரமாட்டார்கள். எப்படியும் கட்ட வேண்டிய பணத்தை முதலிலேயே கட்டிவிடுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுக்க வாகனம் நின்ற இடத்தை விட்டு நகரத் தேவையில்லை. பதிவுப் புத்தகத்தின் பிரதியும் அடையாள அட்டையும் முகவருக்குப் போதும். முழுக் காப்புறுதி என்றால் வாகனத்தைப் பார்க்க அவர்களே வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். இஸ்லாமியக் காப்புறுதியான தகாபுல் முறைதான் வேண்டும் என்பவர்களுக்கு அமானா தகாபுல் 1999 முதல் இருக்கிறது.

முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். லைசன் இல்லாத இந்த நாட்களில் ஏதும் நடந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? காரை வேறொரு வாகனத்தில் ஏற்றிப் போகும்போது சேதம் வந்தால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாகனம் எவ்வளவு காலம் நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்து எடுத்த காப்புறுதி தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது.

பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு வந்தபோது, எங்கள் காரைத் திருத்திய தம்பி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "இந்தா இருக்கிற தூரம்தானே காக்கா, சுபஹோட எடுத்தமெண்டா பொலிஸும் நிக்காது, ஓட்டிட்டுப் போயிரலாம்." நான் மறுத்துவிட்டேன். நம்முடைய ஊரில் சுபஹ் நேரத்து வீதியை எண்ணிப் பாருங்கள். வெளிச்சம் வராத அந்த நேரத்தில்தான் வயதானவர்கள் வீதி ஓரமாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள். மீன் ஏற்றிக்கொண்டு சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். வருடக்கணக்கில் மிதிக்கப்படாத பிரேக்கை நம்பி அவர்களுக்கு நடுவே காரை விடுவதா? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருப்பது வீதியில் போகிற அந்த முகம் தெரியாத மனிதனுக்காக. தண்டப்பணத்தை நாம் கட்டிவிடலாம். அடுத்தவருடைய ஹக்கை எந்தப் பணத்தால் கட்டுவது?

கொட்டிலிலேயே முடிக்க வேண்டிய வேலை

பரிசோதனை நிலையத்துக்குப் போனபிறகு குறை கண்டால், ஏற்றிய கூலியும் இறக்கிய கூலியும் வீண். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து முடிந்த அளவு வேலையை அங்கேயே முடியுங்கள்.

கடற்கரை ஊரில் முதல் எதிரி உப்புக் காற்று. பிரேக் ஒயில் போகும் இரும்புக் குழாய்களை அடியில் படுத்து, டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் காரின் பின் சில்லுக்குப் போகும் குழாய் மேலே சேறு மூடி நல்லதுபோலத்தான் தெரிந்தது. துணியால் துடைத்ததும் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நகத்தால் தட்டிய இடத்தில் ஒயில் கசிந்தது. சைலன்சரையும் அப்படியே பார்க்க வேண்டும். துளை இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து புகையின் அளவு பிழையாக வரும். அதனால் கசிகிற சைலன்சரோடு வரும் வாகனத்தை நிலையத்தில் பரிசோதிக்காமலே திருப்பிவிடுவார்கள்.

பழைய பெற்றோலை முழுவதும் வடித்துவிடுங்கள். நாள்பட்ட பெற்றோல் வார்னிஷ் மணம் அடிக்கும். அது காபுரேட்டரிலும் இன்ஜெக்டரிலும் பிசினாகப் படிகிறது. எயார் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்கள் காரில் எலி தும்பும் கடதாசியும் கொண்டுவந்து கூடு கட்டி, காற்றுப் போகிற வழியையே அடைத்திருந்தது. காற்றுக் குறைந்தால் பெற்றோல் சரியாக எரியாது, காபன் மொனொக்சைட் கூடும். புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனங்கள் தவறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். எயார் பில்டர், பிளக், எஞ்சின் ஒயில் மூன்றையும் மாற்றிவிட்டு, எஞ்சினைக் கொட்டிலிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். கொட்டிலின் கதவு திறந்திருக்க வேண்டும். மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

நின்ற காரில் ஹேண்ட் பிரேக் இறுகிப்போயிருப்பது சாதாரணம். காரை ஏற்றிப் போகும் கெரியர் வந்து நிற்கும்போது பிரேக்கைத் தட்டிக்கொண்டிருக்காமல், முதல் நாளே நான்கு சில்லும் சுழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கெரியர் பிடிப்பது

கயிறு கட்டி இழுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இழுத்தாலும் காரின் சில்லு வீதியில்தான் உருள்கிறது. எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டீரிங்கும் கல்லுப்போல இறுகிவிடும். கயிறு அறுந்தால் நடுவீதியில் கார் யாருடைய கட்டுப்பாட்டிலும் இருக்காது. ஒட்டோமெட்டிக் கியர் காரை இழுத்தால் கியர்பெட்டியும் பழுதாகும். நான்கு சில்லும் மேலே ஏறி நிற்கிற தட்டையான கெரியர்தான் நல்லது. கட்டார், சவூதியில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பதிவு காலாவதியான காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஃபஹஸ் பரிசோதனைக்குக் கொண்டுபோவது அங்கே அன்றாட வேலை. பிரித்தானியாவில் முன்கூட்டியே நேரம் பதிந்த எம்ஓடி பரிசோதனைக்கு வரி கட்டாத காரை ஓட்டிப் போக இடமுண்டு. அங்கேயும் காப்புறுதி இல்லாமல் ஓட்ட முடியாது.

கூலியைப் பேசும்போது ஏற்றுவது, காத்திருப்பது, கார் பாஸாகாவிட்டால் கராஜுக்குத் திருப்பிக் கொண்டுபோவது எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுங்கள். கெரியரின் சொந்தக் காப்புறுதியில் மேலே ஏற்றும் வாகனத்துக்கும் ஏதும் உண்டா என்று கேளுங்கள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் மணல் கூட, கெரியர் புதைந்துவிடும். காரைக் கிறவல் வீதி வரைக்கும் தள்ளிக் கொண்டுவர ஆட்களையும், சில்லுக்கடியில் போடப் பலகையும் ஆயத்தமாக வையுங்கள். தள்ளும்போது ஸ்டீரிங்கில் ஒருவர் இருக்க வேண்டும், சில்லுக்குப் பின்னால் கட்டையோடு ஒருவர் நடக்க வேண்டும். ஏற்றிய பிறகு நான்கு சில்லையும் பட்டி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆவோடு பாதி நாள் போய்விடும். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் கல்முனை பிரதான வீதியில் கெரியரை நிறுத்தவே இடம் கிடைக்காது. கிழமை நாளில், பிள்ளைகள் பாடசாலைக்குள் போன பிறகு கிளம்புவது நல்லது. மாரி காலத்தில் காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறை, அம்பாறைப் பக்கம் போக இருந்தால் முதலில் வெள்ளத்தைக் கேட்டறியுங்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை அந்த வீதியில்தான் வெள்ளம் அடித்துப் போனது. நீர் ஏறிய வீதியில் எந்த வேலையும் அவசரமில்லை.

பரிசோதனை நிலையத்தில்

இலங்கையில் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிறகு மற்ற மாகாணங்களுக்கு வந்தது. லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ, கிளீன்கோ என்ற இரண்டு நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. நடமாடும் பரிசோதனை வண்டிகளும் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வருகிற நாளை விசாரித்து வைத்தால் கெரியரின் தூரமும் கூலியும் குறையும்.

ஏற்றி வந்த காருக்கென்று ஒரு விசேட பிரச்சினை இருக்கிறது. மற்றவர்கள் ஓட்டி வருவதால் அவர்களுடைய எஞ்சின் சூடாக இருக்கும். உங்களுடையது குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் அரைகுறையாக எரியும், அளவு கூடிக் காட்டும். அங்குள்ளவர்களிடம் சொல்லிவிட்டு வளவுக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டு, சூட்டு முள் நடுவுக்கு வந்து ரேடியேட்டர் விசிறி சுழலும் வரை பொறுங்கள். சூடாக்குவதற்காக வீதியில் ஒரு சுற்றுப் போய்வந்தால் இவ்வளவு பாடும் வீணாகிவிடும்.

பெற்றோல் காரென்றால் புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டும் வேகம் கூட்டியும் காபன் மொனொக்சைட், ஹைட்ரோகாபன் அளவுகளை எடுப்பார்கள். டீசல் வாகனத்தில் எக்சிலேட்டரைச் சட்டென்று முழுதாக மிதித்துப் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். பழைய டைமிங் பெல்ட்டோடு நிற்கிற டீசல் வேனுக்கு அந்த மிதிப்பு ஆபத்து. பெல்ட்டை முதலே மாற்றிவிடுங்கள். பாஸாகாவிட்டால் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். எது கூடியிருக்கிறது என்று தெரிந்தால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்த மாதிரி.

அங்கிருந்தே பிரதேச செயலகம்

காலையில் சான்றிதழ் கைக்கு வந்ததும் காரை உடனே வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். நிலையத்தில் கேட்டு அங்கேயே, அல்லது கெரியரில் ஏற்றிப் பக்கத்துக் கராஜில் காரை நிறுத்திவிட்டு, பதிவுப் புத்தகம், பழைய அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் நான்கோடும் மோட்டார் சைக்கிளில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். லைசன் இப்போது இணையத்திலும் எடுக்கலாம். ஆனால் நிலுவையும் தண்டமும் சேர்ந்த பழைய வாகனத்துக்கு நேரே கவுண்டருக்குப் போனால், எவ்வளவு கட்ட வேண்டும் என்று அங்கேயே கேட்டு முடித்துவிடலாம். லைசனைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வீட்டுக்குக் காரைத் தாராளமாக ஓட்டிப் போகலாம். நாங்கள் இப்படித்தான் செய்தோம், திரும்பும் கெரியர் கூலி மிச்சம்.

லொறி, பஸ் வைத்திருப்பவர்களுக்குத் தகுதிச் சான்றிதழும் தேவை. பிரேக், ஸ்டீரிங், டயர், விளக்கு, பொடி எல்லாம் பார்க்கப்படும். அந்தச் சான்றிதழைத் தரும் கராஜ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டுவிட்டு, தகுதிப் பரிசோதனையையும் புகைப் பரிசோதனையையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கிற மாதிரிப் பாதையைத் திட்டமிடுங்கள். கனரக வாகனத்தை ஏற்றுவது பெரிய செலவு.

நிறுத்தப் போகிறவர்களுக்கு

வெளிநாடு போகிறவர்களுக்கும், திருத்தப் பணமில்லாமல் வாகனத்தை நிறுத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். வாகனத்தைப் பாவிக்கப்போவதில்லை என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவிக்க வழி இருக்கிறது. லைசன் முடிய முன்னமே அதைச் செய்தால், பின்னாளில் நின்ற வருடங்களுக்கும் சேர்த்து நிலுவையும் தண்டமும் கட்டுகிற நிலை வராது. பலர் இதை அறியாமலே காரின் விலையில் ஒரு பங்கை நிலுவையாகக் கட்டுகிறார்கள்.

காப்புறுதி, திருத்தம், கெரியர், புகைப் பரிசோதனை, லைசன். இந்த வரிசையில் போனால் எந்த இடத்திலும் சட்டத்தை மீற வேண்டிய தேவை வராது. செலவைக் கூட்டிப் பார்த்தாலும் கெரியர் கூலி அதில் சிறிய பங்குதான். கொட்டிலில் கார் நிற்கிறதென்றால் நாளைக்கே காப்புறுதி முகவரோடு கதையுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.